பதக்கத்திற்கு முன் வர வேண்டிய பணம்

1984-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8-ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் அரங்கில் பெண்களுக்கான 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தின் இறுதிச் சுற்று நடைபெற்றது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அப்போட்டி இடம்பெற்றது அதுவே முதன்முறை. மொராக்கோ நாட்டின் நவால் எல் முத்தவக்கில் 54.61 விநாடியில் முதலாவதாக வந்தார். அமெரிக்காவின் ஜூடி பிரவுன் 55.20 விநாடியில் இரண்டாவதாக வந்தார். மூன்றாம் இடம் ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜோகாருவுக்கு. அவர் எடுத்துக்கொண்ட நேரம் 55.41 விநாடி. நான்காவதாக வந்தவர் கேரளத்தின் பய்யோளியைச் சேர்ந்த பி.டி. உஷா. அவருடைய நேரம் 55.42 விநாடி.

நூறில் ஒரு பங்கு விநாடி என்பது கண் இமைக்கும் பொழுதினும் குறைந்தது. அன்று உஷா ஓடிய சராசரி வேகத்தைக் கொண்டு கணக்கிட்டால், அந்த வேறுபாடு ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர். ஓர் உள்ளங்கையின் அகலம்கூட முழுமையாக இல்லை. இறுதிக் கோட்டில் உரிய கணத்தில் மார்பை முன்தள்ளியிருந்தால் என்று ஒரு சாராரும், முதற் புறப்பாட்டில் வேறொரு வீராங்கனை தவறிழைத்து ஓட்டம் மறுபடியும் தொடங்கப்படாமல் இருந்திருந்தால் என்று மற்றொரு சாராரும் இன்றளவும் பேசி வருகின்றனர். நாற்பது ஆண்டுகளாக நாம் அந்த ஏழு சென்டிமீட்டரையே அளந்துகொண்டிருக்கிறோம்.

அந்த ஏக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், உஷாவின் நெடிய ஓட்ட வாழ்வை அந்த ஒரு கணத்துக்குள் அடைத்துவிடும்போது, அதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் கைநழுவிப் போகிறது. அப்பாடத்தைத் தேட வேண்டிய இடம் லாஸ் ஏஞ்சல்ஸின் இறுதிக் கோடு அன்று. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னதாக, கண்ணூரில் ஒரு சிறுமியின் பெயரில் ஒதுக்கப்பட்ட ஓர் உதவித்தொகை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மாதம் 250 ரூபாய்

உஷா 1964-ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று கோழிக்கோடு மாவட்டத்தில் பிறந்தார். எளிய குடும்பம். குழந்தைப் பருவத்தில் அடிக்கடி நோய்வாய்ப்பட்டவர். அத்தகைய ஒரு சிறுமி, அவர் வாழ்ந்த காலத்தில், ஓட்டப் பந்தயத்தைத் தம் வாழ்வாக்கிக்கொள்வார் என்று எவரும் எண்ணியிருக்க இயலாது. 1976-இல் கேரள அரசு பெண்களுக்கான விளையாட்டுப் பிரிவு ஒன்றைக் கண்ணூரில் தொடங்கியது. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிறுமியருள் பன்னிரண்டு வயது உஷாவும் ஒருவர். தங்க இடம், பயில ஒரு பள்ளி, பயிற்சி பெற ஒரு திடல், இவற்றோடு மாதம் 250 ரூபாய் உதவித்தொகை ஆகியன அவருக்குக் கிடைத்தன.

விமானப் படையில் பணியாற்றிய ஓ.எம். நம்பியார் அங்கே பயிற்சியாளராக வாய்த்தார். மெலிந்த உடலும் விரைந்த நடையும் கொண்ட அச்சிறுமியை ஒரு பரிசளிப்பு விழாவில் கண்டபோதே அவளிடம் ஏதோ ஒன்று இருப்பதாக அவர் உணர்ந்தார். அடுத்த பல ஆண்டுகள் அவருடைய உழைப்பின் பெரும்பகுதி அந்த ஒரு மாணவிக்கே உரியதாயிற்று. செயற்கை இழைத் தடங்கள் நாட்டில் அரிதாக இருந்த காலம் அது. பய்யோளிக் கடற்கரை மணலே பயிற்சித் தடமாயிற்று. 1985-இல் துரோணாச்சாரியார் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர்களுள் நம்பியாரும் ஒருவர்.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. உதவித்தொகை கிடைத்த நாளில் உஷா எந்தப் பதக்கத்தையும் நாட்டுக்கு ஈட்டித் தந்திருக்கவில்லை. அவர் வெல்வார் என்பதற்கு எவரும் உறுதி அளிக்கவும் இல்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1980-இல், பதினாறு வயதில் மாஸ்கோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டபோதும் முதற் சுற்றோடு வெளியேறினார். முதலீட்டின் பயனை ஆண்டுக் கணக்கில் எதிர்நோக்கும் ஒருவர் அந்நாளில் அந்தக் கணக்கை மூடியிருக்கவும் கூடும். நற்பேறாக எவரும் மூடவில்லை. 1982-இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளிப் பதக்கங்கள் வந்தன. 1983-இல் குவைத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 400 மீட்டர் தங்கம் வந்தது. மாதம் 250 ரூபாயில் தொடங்கிய கணக்கு முதிர்வடைய ஏழு ஆண்டுகள் பிடித்தன.

உஷாவை ஒரு தனிப்பட்ட அற்புதமாகக் கருதுவோர் பலர். அவருடைய திறமை தனித்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே காலத்திலும் அதன் பின்னரும் அந்தச் சிறிய மாநிலத்திலிருந்து வந்த பெண்களின் வரிசையைப் பார்க்க வேண்டும். 1982-இல் தில்லியில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்ற எம்.டி. வல்சம்மா, லாஸ் ஏஞ்சல்ஸில் 800 மீட்டர் அரையிறுதி வரை சென்ற ஷைனி ஆபிரகாம், நீளம் தாண்டும் மெர்சி குட்டன், பின்னாளில் ஓட்டப்பந்தயத்தில் கே.எம். பீனாமோல், 2003-இல் பாரிஸ் உலகத் தடகளப் போட்டியில் நீளம் தாண்டுதலில் வெண்கலம் வென்ற அஞ்சு பாபி ஜார்ஜ். இத்தனை அற்புதங்கள் ஒரே மண்ணில் அடுத்தடுத்து நிகழுமாயின், அதற்கு வேறொரு காரணம் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பத் துணிந்த குடும்பங்கள், அவர்களை ஏற்ற பள்ளிகள், விடுதிகள், கல்லூரிகள், பொறுமை மிக்க பயிற்சியாளர்கள் ஆகிய எல்லாம் ஒன்றுகூடியதே அக்காரணம்.

கஞ்சியும் ஊறுகாயும்

மீண்டும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வருவோம். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பத்துத் தடைகள் உண்டு. பெண்களுக்குரிய தடையின் உயரம் 76.2 சென்டிமீட்டர். தொடக்கத்திலிருந்து 45 மீட்டரில் முதல் தடை. பின்னர் 35 மீட்டருக்கு ஒன்று. பத்தாவது தடைக்குப் பின் இறுதிக் கோடு வரை 40 மீட்டர். அந்தக் கடைசி நாற்பது மீட்டரில் ஓடுவது கால்கள் அல்ல, உடலில் எஞ்சியிருக்கும் வலிமைதான் என்பர் அத்துறை அறிந்தோர்.

உஷா அப்போட்டிக்கு முறையாகப் பயிற்சி தொடங்கி நெடுங்காலம் ஆகியிருக்கவில்லை. பன்னாட்டு அரங்குகளில் அத்தடைகளைத் தாண்டிய அனுபவமும் குறைவு. அரையிறுதியில் முதலாவதாக வந்து நாட்டின் நம்பிக்கையை உயர்த்தினார். இறுதிச் சுற்றில் கடைசி மீட்டர்களில் வலிமை குன்றியது. பல ஆண்டுகளுக்குப் பின் அளித்த ஒரு நேர்காணலில், ஒலிம்பிக் கிராமத்தில் தமக்குப் பழக்கமான, ஊட்டமான உணவு கிடைக்காமையால் அரிசிக் கஞ்சியும் ஊறுகாயும் உண்டு நாட்களைக் கழித்ததாகவும், ஓட்டத்தின் கடைசி 35 மீட்டரில் அது தம்மைப் பாதித்ததாகவும் உஷா கூறியுள்ளார்.

கிழக்கு ஐரோப்பிய நாடுகளுள் பல அவ்வாண்டு ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. ஆகவே அப்போட்டியின் மதிப்பு சற்றுக் குறைவு என வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. எனினும் இங்கே கேள்வி வேறு. ஒரு நாடு தன் தலைசிறந்த ஓட்ட வீராங்கனையை எட்டாண்டுகள் பேணி வளர்த்து, பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்பி வைத்து, போட்டியிடும் வாரத்தில் அவர் என்ன உண்பார் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. ஏழு சென்டிமீட்டரின் விலை ஒருவேளை சில நாட்களின் நல்லுணவாக இருந்திருக்கலாம். நல்ல வித்தை விதைத்து, நீர் பாய்ச்சி, கதிர் முற்றும் வாரத்தில் மடையை அடைத்துவிட்ட உழவனின் நிலை அது.

இழப்புக்குப் பின் வந்த அறுவடை

அந்த நான்காம் இடத்தோடு உஷாவின் கதை முடிந்திருந்தால் அது ஒரு துயரக் கதையாக மட்டுமே நின்றிருக்கும். நடந்தது வேறு. 1985-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 400 மீட்டர், 400 மீட்டர் தடை ஓட்டம், 4×400 மீட்டர் தொடரோட்டம் என ஐந்து தங்கங்களும், 4×100 மீட்டர் தொடரோட்டத்தில் ஒரு வெண்கலமும் வென்றார். 1986-இல் சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா ஈட்டிய தங்கங்கள் மொத்தம் ஐந்து. ஒன்று மல்யுத்த வீரர் கர்த்தார் சிங் வென்றது. ஏனைய நான்கிலும் உஷாவின் பங்கு இருந்தது: 200 மீட்டர், 400 மீட்டர், 400 மீட்டர் தடை ஓட்டம் ஆகியவற்றில் தனியாகவும், தொடரோட்டத்தில் தோழியரோடும். 100 மீட்டரில் பிலிப்பைன்ஸின் லிடியா டி வேகாவுக்கு அடுத்ததாக வெள்ளி பெற்றார்.

ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 4 தங்கம், 7 வெள்ளி. ஆசியத் தடகளப் போட்டிகளில் 14 தங்கம் உள்ளிட்ட 23 பதக்கங்கள். உஷாவின் கணக்கேட்டின் கூட்டுத்தொகை இது. ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கை மட்டும் நினைவில் வைத்திருப்போர் இக்கூட்டுத்தொகையையும் ஒருமுறை பார்ப்பது நீதி.

இதே ஏட்டில் நாம் வருந்தத்தக்க பக்கமும் உண்டு. குறுவிரைவு ஓட்டம், தடை ஓட்டம், இரண்டு தொடரோட்டங்கள் என ஒரே உடலிடம் ஒரே போட்டித் தொடரில் எல்லாவற்றையும் நாடு கேட்டது. அவரும் மறுக்காமல் தந்தார். 1988 சியோல் ஒலிம்பிக்குக்குக் காயத்தோடு சென்றார். தடை ஓட்டத்தின் முதற் சுற்றோடு அவர் வெளியேறியபோது, இரண்டாண்டுகள் முன்பு அதே நகரில் அவரைக் கொண்டாடிய நாடு கடுஞ்சொற்களால் வரவேற்றது. வட்டியைக் கொண்டு வாழ்வது ஒன்று. அசலையே எடுத்துச் செலவிடுவது மற்றொன்று. வங்கியோடு பழகியவர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. பதக்கங்களின் ஆவலில் அன்று நாம் அசலில் கை வைத்தோம் என்றே தோன்றுகிறது.

அப்படியும் அசல் தீர்ந்துவிடவில்லை. 1989-இல் தில்லியில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் மீண்டும் நான்கு தங்கங்கள். 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் மூன்று வெள்ளிகளோடு ஓய்வு அறிவித்தார். திருமணமாகித் தாயான பின் மீண்டும் தடத்துக்கு வந்து, 1998-இல் ஃபுகுவோகாவில், 34 வயதில், 200 மீட்டரிலும் 400 மீட்டரிலும் வெண்கலமும் 4×100 மீட்டர் தொடரோட்டத்தில் தங்கமும் வென்றார். இந்நெடிய ஆண்டுகளில் தென்னக ரயில்வேயில் அவருக்கு இருந்த பணி, மாதச் சம்பளத்தின் உறுதியை அவருக்குத் தந்தது. ரயில்வேயும் பொதுத்துறை வங்கிகளும் விளையாட்டு வீரர்களுக்கு வேலை வழங்கிய வழக்கத்தை வெறும் சலுகை என்று ஏளனம் செய்வோர் இந்த ஒரு வாழ்வை எண்ணிப் பார்க்கலாம்.

பரிசு பின்னே, தேவை முன்னே

ஓய்வு பெற்ற பின் உஷா செய்த செயல் அவருடைய பதக்கங்களைவிட நம் கருத்துக்கு வலுச் சேர்ப்பது. கோழிக்கோடு மாவட்டத்தில் பெண்களுக்கான தடகளப் பள்ளி ஒன்றை அவர் நிறுவினார். சிறு வயதிலேயே மாணவியரைத் தேர்ந்து, தங்க வைத்து, படிக்கவும் ஓடவும் பயிற்றுவிப்பதே அப்பள்ளியின் முறை. தமக்குக் கண்ணூரில் கிடைத்ததை அடுத்த தலைமுறைக்கு அவர் திருப்பிக் கொடுத்தார் எனலாம். அங்கே பயின்ற டின்டு லூகா 2010-இல் 800 மீட்டரை 1 நிமிடம் 59.17 விநாடியில் ஓடி, ஷைனியின் நெடுநாளைய தேசியச் சாதனையை முறியடித்தார்; 2015-இல் ஆசியத் தடகளப் போட்டியில் தங்கம் வென்றார். 2022-இல் உஷா மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டதும், அதே ஆண்டு இறுதியில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் பெண் தலைவரானதும் நாம் அறிந்தவையே. நிர்வாகியாக அவர் எடுத்த முடிவுகள் குறித்து மாறுபட்ட கருத்துகள் உண்டு. அவற்றை ஆராய இஃது இடமன்று.

இன்றைய நிலை என்ன? அன்று இருந்ததைவிடப் பன்மடங்கு மேம்பட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2014-இல் தொடங்கிய ஒலிம்பிக் இலக்குத் திட்டத்தின் கீழ், முதன்மைக் குழுவில் இடம்பெறும் வீரர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் கைச்செலவுக்கு வழங்கப்படுகிறது. 2018 முதல் நடைபெறும் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் இளையோர்க்கு மாதம் 10,000 ரூபாய் கிடைக்கிறது. உணவு வல்லுநர், உடலியக்க மருத்துவர், வெளிநாட்டுப் பயிற்சி ஆகியவை இன்று எட்டாக் கனிகள் அல்ல. பதக்கம் வென்று திரும்புவோருக்கு மாநில அரசுகள் அறிவிக்கும் பரிசுத் தொகைகளோ கோடிகளில் அமைகின்றன.

ஆனால் இவை அனைத்தும் ஒரு குழந்தையின் திறமை வெளிப்பட்ட பின் வருபவை. பத்து வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடையில், ஒரு சிற்றூர்ப் பள்ளியின் விளையாட்டு நாளில் எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடும் சிறுமியின் நிலை என்ன? அடுத்த மாதம் மாவட்டப் போட்டி. பேருந்துக் கட்டணமும் உடன் செல்ல ஒரு பெரியவரும் தேவை. ஸ்பைக்ஸ் காலணி தேவை; கால் வளர வளர அதை மாற்றவும் வேண்டும். நாளொன்றுக்கு ஒரு முட்டையும் ஒரு குவளைப் பாலும் கூடுதலாகத் தேவை. திடலில் உடை மாற்ற ஒரு மறைவிடமும் தூய்மையான கழிப்பறையும் தேவை. மாலை இருட்டியபின் வீடு திரும்பப் பாதுகாப்பான வழி தேவை. இவற்றுள் ஏதேனும் ஒன்று இல்லாமற் போனால், பருவம் எய்திய ஆண்டோடு அவளுடைய ஓட்டம் நின்றுவிடுகிறது. எந்தப் பதிவேட்டிலும் அவள் நான்காம் இடத்தவளாகக்கூட இடம்பெறுவதில்லை.

2019-21 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, 15 முதல் 19 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகையுடன் இருப்பதாகக் காட்டியது. இரத்தத்தில் போதிய இரும்புச்சத்து இல்லாத உடல், தசைகளுக்கு வேண்டிய உயிர்வளியைக் கொண்டு சேர்க்க இயலாது தளர்கிறது. எத்தனை உஷாக்கள் பந்தயத்துக்கு வருமுன்பே களைத்துவிடுகின்றனர் என்று எண்ணும்போது, லாஸ் ஏஞ்சல்ஸின் கஞ்சிக் குவளை நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. அன்று ஒரு வீராங்கனைக்கு ஒரு வாரம் நேர்ந்த குறை, இன்று நம் வீதிகளில் பல சிறுமியருக்கு ஆண்டுக் கணக்கில் நேர்கிறது.

செல்வமகளின் ஓட்டத்திற்கு ஒரு கணக்கு

வங்கி வாடிக்கையாளர்களாகிய நாம் பெண் குழந்தைகளுக்காகச் சேமிப்பதில் பின்தங்கியவர்கள் அல்லர். 2015-இல் நடுவண் அரசு அறிமுகப்படுத்திய செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில், பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தையின் பெயரில் கணக்குத் தொடங்கலாம். 2018 முதல் ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் செலுத்தினாலே போதும். உஷாவுக்குக் கண்ணூரில் மாதந்தோறும் கிடைத்த அதே எண்! அத்திட்டத்தின் நோக்கம் உயர்வானது. பதினெட்டு வயது நிறைந்த பின்போ பத்தாம் வகுப்பைத் தேறிய பின்போ மேற்படிப்புக்கு இருப்பில் பாதி வரை எடுக்கலாம். கணக்கு முதிர்வடைய 21 ஆண்டுகள். நெடுங்காலச் சேமிப்பு அப்படித்தான் அமைய வேண்டும். இடையில் எடுக்க இயலாமையே அதன் காவல்.

அதனாலேயே அப்பணம் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் காலணிக்குப் பயன்படாது. மகளின் கல்லூரிக்கும் திருமணத்துக்கும் சேமிக்கும் குடும்பங்கள் அவளுடைய உடல் வலிமைக்கும் விளையாட்டுக்கும் தனியே ஒரு சிறு தொகையை ஒதுக்குகின்றனவா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதே விடை. மகனுக்குக் கிரிக்கெட் மட்டை வாங்கும் வீட்டில் மகளுக்கு ஓட்டக் காலணி வாங்கும் எண்ணம் எழுவதில்லை. வசதி உள்ள வீடுகளிலும் இதே நிலை என்பதால், வறுமையை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்லிவிட முடியாது.

மாதம் 500 ரூபாய் வீதம் ஓராண்டுத் தொடர் வைப்பு ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஆண்டின் முடிவில் 6,000 ரூபாயும் அதற்குரிய வட்டியும் கையில் இருக்கும். ஒரு சிறுமியின் மாவட்டப் போட்டிப் பயணங்களுக்கும் காலணிக்குமான செலவில் பெரும் பகுதியை அது தாங்கும். அடுத்த ஆண்டு மீண்டும் தொடங்கலாம். தம் வீட்டில் ஓடும் குழந்தை இல்லாதோர், தாம் பயின்ற பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் சென்று, அவ்வாண்டு யாருக்கு உதவி தேவை என்று கேட்கலாம். பழைய மாணவர் சங்கங்கள் கட்டடத்துக்கும் கல்வெட்டுக்கும் திரட்டும் நிதியில் ஒரு பகுதியைத் திடலின் கழிப்பறைக்குத் திருப்பலாம். நிறுவனங்களைப் பொறுத்தவரை, 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டமே சமூகப் பொறுப்பு நிதியை ஊரக விளையாட்டுப் பயிற்சிக்கும் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கும் செலவிட இடமளிக்கிறது. அந்நிதி ஏற்கெனவே பெயர் பெற்ற வீரரின் சட்டையில் சின்னம் பதிப்பதோடு நின்றுவிடாமல், பெயர் அறியாத சிறுமியரின் விடுதிகளைச் சென்றடைய வேண்டும்.

இவையெல்லாம் அரசின் கடமை அல்லவா என்று கேட்கலாம். ஆம், அரசின் கடமையே. கண்ணூரில் அரசுதான் அதைச் செய்தது. இன்றும் ஒவ்வொரு மாவட்டத்திலும் அது செய்ய வேண்டும். ஆனால் ஒரு சிறுமியை அரசின் கண் சென்றடையும் வரை அவள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இரண்டு, மூன்று ஆண்டு இடைவெளியைக் குடும்பமும் ஊரும்தான் தாங்க இயலும்.

ஓடுகிற எல்லாக் குழந்தைகளும் ஒலிம்பிக் வரை போவார்களா என்பது அடுத்த கேள்வி. போக மாட்டார்கள். ஆயிரத்தில் ஒருவர்கூடப் போக மாட்டார். கணக்குப் பார்த்துச் செலவிடும் எவரும் இதை நட்டமென்று கருதக் கூடும். ஆயினும் பதக்கம் மட்டுமே இங்குப் பலன் அன்று. நான்கு ஆண்டுகள் முறையாக ஓடிய பெண் நல்ல உடலோடும் தன்னம்பிக்கையோடும் வளர்கிறாள். தோல்வியைத் தாங்கவும் மறுநாள் காலை மீண்டும் திடலுக்குச் செல்லவும் அறிகிறாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமோ வேலையோ பெறுவோர் பலர். ஆயிரம் பேரை ஓட விடாமல் அந்த ஒருவரைக் கண்டுபிடிக்கவும் வழி இல்லை. நம்பியார் ஒருவரைக் கண்டெடுக்க, சிறுமியர் பலருக்கு அந்த விடுதியின் கதவு திறந்திருக்க வேண்டியிருந்தது.

முப்பத்தொன்பது ஆண்டுகள்

லாஸ் ஏஞ்சல்ஸில் உஷா பதித்த 55.42 விநாடி, பதக்கத்தைத் தரவில்லை எனினும், தேசியச் சாதனையாக நிலைபெற்றது. 1980-கள் கழிந்தன, பொருளாதாரம் மாறிற்று, செயற்கைத் தடங்கள் பெருகின, காலணிகளும் பயிற்சி முறைகளும் மாறின. ஆயினும் 55.42 அசையவில்லை. 2023 அக்டோபர் 2 அன்று, சீனத்தின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் தகுதிச் சுற்றில் ஓர் இந்தியப் பெண் அதே நேரத்தில் ஓடி முடித்தார். நூறில் ஒரு பங்கு விநாடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை, சரியாக 55.42. அவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ். மறுநாள் இறுதிச் சுற்றில் 55.68 விநாடியில் ஓடி வெண்கலப் பதக்கமும் வென்றார். அவருடைய இரட்டைச் சகோதரி நித்யாவும் தடை தாண்டும் வீராங்கனையே.

தமிழ் மண்ணின் மகள் ஒருவர் உஷாவை எட்டிப் பிடித்தார் என்று நாம் மகிழ்ந்தோம், மகிழ வேண்டியதே. ஆனால் அம்மகிழ்ச்சியினூடே ஒரு கேள்வியும் எழ வேண்டும். ஒரு சாதனை 39 ஆண்டுகள் நிலைத்திருப்பது அதைப் படைத்தவருக்குப் பெருமை. அத்தனை காலம் எவரையும் அதன் அருகே கொண்டுவராத நாட்டுக்கு அது பெருமை ஆகாது. அந்த 39 ஆண்டுகளில் கோடிக்கணக்கான சிறுமியர் இந்நாட்டில் பிறந்து, பள்ளி சென்று, ஓடி விளையாடி வளர்ந்தார்கள். அவர்களுள் 55.41 விநாடியில் ஓடக்கூடிய கால்கள் ஒரு சோடிகூட இல்லை என்று நம்புவது கடினம். அந்தக் கால்கள் இருந்தன. அவற்றுக்கு உரிய வயதில் உரிய 250 ரூபாய் வந்து சேரவில்லை.

இந்தியத் தடகளப் பெண் ஒருவர் ஒலிம்பிக் பதக்கத்தை வெல்லும் நாள் இன்னும் வரவில்லை. அது வரும்போது வாழ்த்துப் பலகைகளுக்கும் பரிசு அறிவிப்புகளுக்கும் குறைவிருக்காது. அந்தப் பெண் இப்போது பதினொன்றோ பன்னிரண்டோ வயதினளாக, ஏதோ ஒரு பள்ளியின் மண் திடலில் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருக்கக் கூடும். அவளுக்கு வேண்டிய பணம் சிறியது; அது வேண்டியிருப்பது இந்த மாதம்.